வாரத்துக்கு 114 மணி நேரம் கடையில். எதைக் குறைப்பது?

வில்லாபுரம் மளிகை | திங்கள், இரவு 11.42

வணக்கம். மதுரையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை, என் கைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. காலை 5.15க்குப் பால் பெட்டி வந்து இறங்கும்போது ஷட்டரைத் தூக்கினால், இரவு 10.45க்குத்தான் இறக்குவேன். ஞாயிறு மட்டும் மதியம் 2 மணியோடு சரி. நேற்று சும்மா கூட்டிப் பார்த்தேன், வாரத்துக்கு 114 மணி நேரம் வருகிறது. இரண்டு தடவை கூட்டினேன்.

வேலைக்கு ஒரு தம்பி இருக்கிறான், காலை 9 முதல் இரவு 8 வரை. நான் சாப்பிடும் நேரத்தில் வீட்டம்மா கல்லாவில் உட்காருவாள். கீழமாசி வீதிக்குச் சரக்கு எடுக்கப் போனாலும் அவள்தான்.

போன வாரம் சித்தப்பா மகன் கல்யாணம். முகூர்த்தத்துக்குப் போய், மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் ஓடி வந்தேன். பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது: “இவனும் மொய்க்கவரும் ஒன்று. மண்டபத்துக்கு வந்து சேர்ந்தால் போதும்.” சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். கடையில் உட்கார்ந்த பிறகுதான் வலித்தது.

நேரத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் எட்டு மாதத்துக்கு முன்னால் எதிர்வரிசையில் ஒரு கடை வந்திருக்கிறது, 11 மணி வரை விளக்கு எரிகிறது. வருமானம் குறையாமல் நேரத்தைக் குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பணம் இருந்தால் நாலு ஆளைப் போடு என்கிற யோசனை வேண்டாம். பணம் இல்லை.

கணபதி லேத் | செவ்வாய், காலை 7.05

முதல் வேலையா ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு போன் பார்க்கறதை நிறுத்துங்க அண்ணே. அரை மணி நேரம் மிச்சம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோயமுத்தூரில் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின் வைத்து ஜாப் ஆர்டர் செய்கிறேன். நானும் 14 மணி நேரம் நின்றவன்தான். எங்கள் தொழிலில் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால், மெஷின் ஓடுவதில் இல்லை. “நாளைக்குக் காலையில் வேண்டும்” என்று மாலை 6 மணிக்குக் கொண்டுவந்து கொடுக்கும் பீஸ்களில் போகிறது. அதை வாங்கிவிட்டு இரவு 11 வரை நின்றால் கிடைப்பது பகலில் செய்கிற அதே கூலி. ஒரு நாள் துணிந்து, மாலை 5 மணிக்கு மேல் வந்தால் ஒன்றரை மடங்கு கூலி என்று சொன்னேன். பாதிப் பேர் காலையில் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அவசரம் அவர்களுக்கு இல்லை, எனக்குத்தான் இருந்திருக்கிறது. ஒரு பார்ட்டி போய்விட்டார், உண்மை. அவர் மூன்று மாத பாக்கியையும் சேர்த்துத்தான் போனார்.

மளிகையில் கூலியை ஏற்ற முடியாது, எம்.ஆர்.பி. அச்சடித்து வருகிறது. அதனால் உங்களுக்கு வழி வேறாக இருக்க வேண்டும். ஒரு நோட்டுப் போட்டு, எந்த மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று இரண்டு வாரம் கோடு போட்டுப் பாருங்கள். கணினி எல்லாம் வேண்டாம், நான்கு கோடு, குறுக்கே ஒன்று.

முத்துநகர் ஸ்டோர் | செவ்வாய், பகல் 1.30

இந்த இழையைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. கடை என்றால் திறந்திருக்க வேண்டும். இரண்டு தடவை வந்து பூட்டைப் பார்த்த ஆள் மூன்றாவது தடவை வரமாட்டார். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் மதியம் சாத்திப் பழகிய இரண்டு கடைகளும் இன்று இல்லை. போதாததற்குப் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வரும் டெலிவரி வேறு. நம்மிடம் இருக்கிற ஒரே பலம், எந்த நேரம் வந்தாலும் ஆள் இருப்பான் என்பது. அதையும் விட்டால் என்ன மிச்சம்?

அண்ணாச்சி, உங்கள் அப்பா எத்தனை மணிக்கு அடைத்தார்?

வில்லாபுரம் மளிகை | செவ்வாய், இரவு 11.10

அப்பா 9 மணிக்கு அடைப்பார். நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது. மதியம் 2 முதல் 4 வரை பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் பாய் விரித்துத் தூங்குவார். எழுப்பினால் திட்டு விழும். அப்படியும் கடை ஓடியது.

10.45 என்பது நான் கொண்டுவந்ததுதான். எப்போது கொண்டுவந்தேன் என்றே தெரியவில்லை.

ஊசியும் நூலும் | புதன், பகல் 12.15

ஈரோட்டில் தையல் கடை, பெரும்பாலும் பிளவுஸ். எங்களுக்கு வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, மெஷினில் தூசி படியும். ஆவணியிலும் தையிலும் மூச்சு விட முடியாது. தீபாவளிக்கு முன்னால் கேட்கவே வேண்டாம். நான் செய்த தப்பு, தீபாவளி மாதத்து நேரத்தை வருடம் முழுக்க வைத்திருந்தது. ஆடியில் ஆர்டரே இல்லாமல் இரவு 9 வரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்துவிட்டால்?

இப்போது ஆடியிலும் மார்கழியிலும் 5 மணிக்குச் சாத்திவிடுகிறேன். தீபாவளிக்கு இருபது நாள் முன்னால் “இனி ஆர்டர் இல்லை” என்று பலகை. முதல் வருடம் அந்தப் பலகையை மாட்டக் கை நடுங்கியது. பலகைக்குக் கீழே நின்றுகொண்டே “எனக்கு மட்டும் ஒன்று தைத்துக் கொடு கண்ணு” என்று கேட்டவர்கள் ஒன்பது பேர். இரண்டு பேருக்குத் தைத்துக் கொடுத்தேன். அது தெருவெல்லாம் தெரிந்து, மீதி ஏழு பேரும் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த வருடம் யாருக்கும் இல்லை, என் சொந்த நாத்தனாருக்கும் இல்லை. அதன் பிறகுதான் பலகைக்கு மரியாதை வந்தது.

கல்லாவில் உட்காரும் மனைவி | புதன், பிற்பகல் 3.50

எல்லாம் சரி. நான் ஒன்று கேட்கலாமா? இங்கே எல்லோரும் “நான் நேரத்தைக் குறைத்தேன்” என்கிறீர்கள். யாருடைய நேரத்தை?

எங்களுடையது ஸ்டேஷனரியும் ஜெராக்சும், பள்ளிக்கூடத்துக்கு எதிரில். டாக்டர் சொன்னார் என்று என் வீட்டுக்காரர் இரண்டு வருடத்துக்கு முன்னால் நேரத்தைக் குறைத்தார். காலை 7 முதல் 9 வரை அவர் நடைப்பயிற்சி, குளியல், பேப்பர். கடையில் நான். மதியம் அவர் தூக்கம். கடையில் நான். மாலை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, சமையல், அடுத்த நாள் இட்லிக்கு ஆட்டுவது. இதெல்லாம் எந்தக் கணக்கில் வருகிறது? அவருடைய மணி 15லிருந்து 10 ஆனது. என்னுடையது 4லிருந்து 9 ஆனது. கடை திறந்திருந்த நேரம் ஐந்து நிமிடம்கூடக் குறையவில்லை. ஊரெல்லாம் “இப்போதுதான் அண்ணன் முகம் தெளிவாக இருக்கிறது” என்று பாராட்டு.

வில்லாபுரம் அண்ணா, உங்கள் 114 மணியில் வீட்டம்மா கல்லாவில் உட்காரும் நேரத்தையும் கூட்டினீர்களா? முதலில் அதைக் கூட்டுங்கள். அதற்குச் சம்பளம் போட்டுப் பாருங்கள். அப்புறம் கடை லாபத்தில் ஓடுகிறதா என்று சொல்லுங்கள்.

வில்லாபுரம் மளிகை | புதன், இரவு 11.20

கூட்டவில்லை அக்கா.

இன்று கூட்டினேன். வாரத்துக்கு 21 மணி நேரம். அவளிடம் சொன்னேன். “சரக்கு எடுக்கப் போகும் நாளை விட்டுவிட்டீர்கள்” என்றாள். அதையும் சேர்த்தால் 27.

கணபதி லேத் | வியாழன், காலை 6.50

இழையிலேயே உருப்படியான பதிவு அக்கா போட்டதுதான். நான் வீட்டில் காட்டவில்லை.

ஆடிட்டர் ஆபீஸ் பையன் | வியாழன், காலை 11.40

சார், நேரம் என்றதும் எல்லோரும் ஷட்டரைத்தான் பார்க்கிறார்கள். ஷட்டர் இறங்கிய பிறகு நடக்கும் கணக்கு வேலையையும் பாருங்கள். எங்களிடம் வரும் சிறிய கடைக்காரர்கள் பலர் மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறார்கள். 11ஆம் தேதி ஒன்று, 20ஆம் தேதி ஒன்று. அதற்காக ஒவ்வொரு பில்லையும் வைத்துக்கொண்டு இரவில் உட்காருகிறார்கள்.

ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கிற கடை என்றால் காம்போசிஷன் திட்டத்தை யோசிக்கலாம். வியாபாரிகளுக்கு 1 சதவீதம், அதுவும் வரி உள்ள சரக்கின் விற்பனைக்கு மட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 18ஆம் தேதிக்குள் ஒரு படிவம், வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன், அவ்வளவுதான். அடுத்த நிதியாண்டில் சேர வேண்டுமென்றால் மார்ச் 31க்குள் சொல்லிவிட வேண்டும்.

இதில் நஷ்டமும் உண்டு. வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, நீங்கள் சரக்கு எடுக்கும்போது கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் மாறாதீர்கள். ஒத்துவரவில்லை என்றால், 5 கோடிக்குள் இருப்பவர்கள் ரிட்டர்னை மட்டும் காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் முறை 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. வரியை மாதாமாதம் கட்ட வேண்டும், ஆனால் படிவ வேலை குறையும்.

வருமான வரியில் சிறு வியாபாரிகள் உத்தேச லாபம் காட்டும் முறை (1961 சட்டத்தில் 44ஏடி பிரிவு) தெரிந்திருக்கும். வங்கி வழியாகவும் யுபிஐயிலும் வந்த விற்பனைக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபம் என்று காட்டினால், கணக்குப் புத்தகத்தைத் தணிக்கைக்குத் தயார் செய்யும் வேலை இல்லை. லாபம் உண்மையில் அதைவிட அதிகம் என்றால் அதிகமாகத்தான் காட்ட வேண்டும், அதை யாரும் காதில் வாங்குவதில்லை.

முத்துநகர் ஸ்டோர் | வியாழன், பகல் 2.15

தம்பி சொன்னது நல்ல விஷயம். நான் இரண்டு வருடமாகக் காம்போசிஷன். போர்டில் அதை எழுதி வைக்க வேண்டும், மறக்காதீர்கள்.

பழைய சங்கத்துக்காரன் | வெள்ளி, இரவு 8.30

சலூன்காரர்களைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை முடி வெட்டிக்கொள்ள நினைத்துக் கிளம்புகிறவர் எத்தனை பேர்? எல்லாக் கடையும் சாத்தியிருக்கும் என்று ஊருக்கே தெரியும். அதனால் எந்தக் கடைக்கும் நஷ்டம் இல்லை, திங்களோ புதனோ வந்துவிடுகிறார்கள். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் அமாவாசை. தனியாக ஒரு கடை சாத்தினால்தான் பயம். தெருவே சாத்தினால் அது வழக்கம். மே 5 வணிகர் தினத்துக்கு அடைக்கிறோமே, அன்று யாராவது பட்டினி கிடந்தார்களா?

ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுக்க அடைத்திருக்க வேண்டும், அது எந்த நாள் என்று கடையில் எழுதி மாட்ட வேண்டும் என்று 1947இல் வந்த கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலேயே எழுதியிருந்தது. இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசாணை போட்டார்கள், அப்புறம் நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். பெரிய கடைகளுக்கு மூன்று ஷிப்டு ஆள் இருக்கிறது. நமக்கு மூன்று ஷிப்டுக்கும் நாமே.

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். ஊரே எதிர்த்தது, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. நானும் எதிர்த்துப் பேசினேன். பேசிவிட்டு வந்து 16 மணி நேரம் கடையில் நின்றேன். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் வந்தபோது, வேலைக்கு இருந்த பையனுக்கு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். அவன் உட்கார்ந்திருந்தான், நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு யார் மேல் வழக்குப் போடுவது?

இரண்டு வருடத்துக்கு முன்னால் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொன்னது. 55தான் கணக்கு. தம்பி 114 என்கிறார்.

எதிர்வரிசைக் கடைக்காரரிடம் பேசிப் பாருங்கள். அவருக்கும் தூக்கம் வரும்.

முத்துநகர் ஸ்டோர் | வெள்ளி, இரவு 10.55

எதிர்க்கடைக்காரனிடம் போய் “நான் சாத்துகிறேன், நீயும் சாத்து” என்றால், சரி என்று தலையாட்டிவிட்டு இன்னும் இரண்டு லைட் போடுவான். எத்தனை பார்த்தாச்சு.

வில்லாபுரம் மளிகை | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். லேத் அண்ணன் சொன்ன மாதிரி இரண்டு வாரம் கோடு போட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் காலண்டர் அட்டை, ஒரு பென்சில். ரொக்கம் என்றால் கோடு, கடன் நோட்டில் எழுதினால் வட்டம். வட்டம் போடலாம் என்றது வீட்டம்மா.

காலை 5.15 முதல் 8.30 வரை கூட்டம்தான், அதில் பேச்சே இல்லை. 11 முதல் 1 வரை பரவாயில்லை. மதியம் ஒன்றரை முதல் நாலரை வரை மூன்று மணி நேரத்துக்குச் சராசரியாக 11 பேர். அதில் நாலைந்து பேர் மிட்டாய் வாங்க வந்த பிள்ளைகள். மாலை 6 முதல் 9 வரை மறுபடியும் கூட்டம்.

என்னை உலுக்கியது இரவுக் கணக்கு. 9.15க்கு மேல் வருகிறவர்களில் பாதிக்கு மேல் வட்டம்! கையில் பணம் இருக்கிறவன் 8 மணிக்கே வந்து வாங்கிப் போய்விடுகிறான். மீதிக் கோடுகளில் பெரும்பங்கு சிகரெட்டும் தீப்பெட்டியும். அதாவது தினமும் ஒன்றரை மணி நேரம் காலைக் கடுக்கவைத்து நான் விற்றது கடனும் சிகரெட்டும்தான்.

செய்தது இவ்வளவு. மதியம் 1.30 முதல் 4.30 வரை ஷட்டர் முழுசாக இறங்கும். பாதி இறக்கினால் குனிந்து எட்டிப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள், அப்பா காலத்து மரியாதை இல்லை. இரவு 9.30க்கு அடைப்பு. சரக்குப் பட்டியலை வாட்ஸாப்பில் மொத்தக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன், லோடு ஆட்டோவில் வந்து இறங்குகிறது. வாடகை போகிறது. ஆனால் வீட்டம்மாவுக்கு வாரத்தில் ஆறு மணி நேரம் திரும்பக் கிடைத்தது. மதியமும் கடை மூடியிருப்பதால் சாப்பாட்டு நேரத்துக் கல்லாவும் இல்லை. என் கணக்கு 114லிருந்து 88க்கு வந்திருக்கிறது. அவளுடையது 27லிருந்து 12.

பாலை மட்டும் தொட முடியவில்லை. கணக்குப் பார்த்தால் பாலில் எனக்கு நிற்பது ஒரு நாளைக்கு நூறு ரூபாய்க்குள். அதற்காக விடிகாலை 5.15. ஆனால் பாலுக்கு வருகிறவர்கள்தான் தேங்காய், கொத்தமல்லி, தோசை மாவு என்று கேட்கிறார்கள். அதை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

விற்பனை? முதல் வாரம் நன்றாகவே விழுந்தது, பயந்துவிட்டேன். மூன்றாவது வாரம் முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம் கீழே நிற்கிறது. கடன் நோட்டில் புதிதாக ஏறுவது குறைந்திருக்கிறது. லாபமா நஷ்டமா என்று சொல்ல இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

முத்துநகர் ஸ்டோர் | ஞாயிறு, மாலை 6.10

எதிர்க்கடை?

வில்லாபுரம் மளிகை | ஞாயிறு, மாலை 6.40

போய்ப் பேசினேன். உங்கள் வார்த்தை பாதி பலித்தது. “பார்க்கலாம் அண்ணே” என்றார், இன்றும் 11 மணிதான். ஆனால் என் கடையிலிருந்து 9.30க்கு மேல் போன கடன்காரர்களெல்லாம் இப்போது அவரிடம்தான் நிற்கிறார்கள். நேற்று என்னிடம் வந்து, “இந்தப் பச்சைச் சட்டைக்காரர் உங்களிடம் ஒழுங்காகத் தருவாரா அண்ணே?” என்று கேட்டார்.

முத்துநகர் ஸ்டோர் | ஞாயிறு, மாலை 6.45

என்ன சொன்னீர்கள்?

வில்லாபுரம் மளிகை | ஞாயிறு, மாலை 6.58

உண்மையைச் சொன்னேன். பாவம், சின்ன வயசு.

ஊசியும் நூலும் | திங்கள், காலை 10.20

பாலுக்கு ஒரு யோசனை. எங்கள் தெருக் கடைக்காரர் பாலை வீடு வீடாகப் போட, கல்லூரிக்குப் போகிற பையன் ஒருவனிடம் சைக்கிளோடு விட்டுவிட்டார். பாலில் நிற்கிற காசு மொத்தமும் அவனுக்கு. கூடவே தேங்காய், மாவு வேண்டுமென்றால் முந்தின நாள் இரவே போனில் சொல்லிவிட வேண்டும், பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். கடை 7 மணிக்குத் திறக்கிறது. நூறு ரூபாய்க்கு ஒன்றே முக்கால் மணி நேரத் தூக்கத்தை வாங்கியது போல. எங்கும் அவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

கல்லாவில் உட்காரும் மனைவி | திங்கள், காலை 11.05

பையில் போட்டு வைப்பது யார் என்று முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள்.

வில்லாபுரம் மளிகை | திங்கள், பகல் 2.40

அக்கா, அதை நானே போடுகிறேன், சத்தியம். பையன் ஒருவன் இருக்கிறான், அவன் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும். வீடு கடைக்கு மேலேயே இருப்பதால், மதியம் ஷட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு மாடி ஏறி வருகிறார்கள். இப்போதுகூட ஒருவர் வந்திருக்கிறார், அரை கிலோ ரவை வேண்டுமாம். “அவர் தூங்குகிறார்” என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வந்தவர் போகவில்லை. போனில் எழுத்து தட்டும் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.